லோடு ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை

இடமாற்ற உத்தரவு கைக்கு வந்ததும் சென்னையிலிருந்து கோவைக்குச் சாமான் அனுப்ப இணையத்தில் தேடுகிறார்கள். வாடகை குறைவாகச் சொன்ன ஆளுக்குக் கைப்பேசியிலேயே முன்பணம் போய்விடுகிறது. பீரோ, ஃபிரிட்ஜ், கட்டில் எல்லாம் ஏறி வண்டி கிளம்பிய பிறகு வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது: "இன்னும் இருபதாயிரம் போட்டால்தான் சாமான் வந்து சேரும்." பயந்துபோய்ப் போடுகிறார்கள். காவல் நிலையத்தில் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி நம்பர் என்ன?" தெரியாது. ரசீது? வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். அதில் முகவரிகூட இல்லை.

இப்படி ஏமாந்து வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். பெரும்பாலும் படித்தவர்கள். புடவை வாங்கினால் சாயம் போகுமா என்று நாலு முறை கேட்கிறவர்கள், வீட்டையே தூக்கிக் கொடுக்கும்போது ஒரு தாளையும் கேட்பதில்லை.

லாரித் தொழிலில் பலகையில் உள்ள பெயர் ஒருவருடையது, வண்டி இன்னொருவருடையது, நடுவில் புரோக்கர் ஒருவர். ஏதாவது நடந்தால் மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள். இந்த விளையாட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. 2007-இல் இயற்றப்பட்டு 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், பொதுமக்களின் சரக்கை வாடகைக்கு எடுத்துச் செல்லும் தொழிலுக்குப் பதிவுச் சான்று கட்டாயம் என்கிறது. புக்கிங் ஆபீஸ், ஏஜென்ட், புரோக்கர், வீட்டுக்கே வந்து எடுக்கும் கூரியர் எல்லாரும் இதில் அடக்கம். "நான் வெறும் புரோக்கர்தான் சார்" என்று ஒருவர் சொன்னால், பதிவு எண்ணைக் கேட்க வேண்டிய முதல் ஆள் அவர்தான்.

சான்று பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். நகல் கேளுங்கள். தர மறுத்தால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். அடிக்கடி சரக்கு அனுப்பும் வியாபாரி என்றால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள்: இந்தப் பெயரில், இந்த முகவரியில் பதிவு உண்டா, எந்தத் தேதி வரை? முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். உண்மையில் இதை மனு போட்டுக் கேட்கும் நிலையே இருக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் லாரியை மடக்கும் அதிகாரிகள் புக்கிங் ஆபீஸ் படியேறிச் சான்றைக் கேட்டதை நான் பார்த்ததில்லை. பதிவில்லாமல் தொழில் செய்தால், முதல் முறை அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம் என்றுதான் இச்சட்டம் எழுதப்பட்டது. யார் பயப்படுவார்கள்?

அடுத்தது வண்டி. எண்ணை முந்தின நாளே வாங்குங்கள். எம்-பரிவாகன் செயலியில் அதைப் போட்டால் வண்டியின் வகை, எஃப்.சி. எனும் தகுதிச் சான்று முடியும் தேதி, இன்சூரன்ஸ் தேதி, புகைச் சான்றுத் தேதி எல்லாம் வரும். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகள் மறைந்திருக்கும், ஆனாலும் ஆர்.சி. நகலோடு ஒப்பிட அது போதும். எஃப்.சி. தேதியைக் கட்டாயம் பாருங்கள். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. காலாவதியான வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். வெள்ளை நம்பர் பலகை போட்ட வண்டி வாடகைக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கள். வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகைதான். காலையில் வாசலில் வந்து நிற்கும் வண்டி நீங்கள் பார்த்த எண்தானா என்பதையும் பாருங்கள். எண்ணை மாற்றி அனுப்புவது சாதாரணமாக நடக்கிறது.

"வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, கவலைப்படாதீங்க" என்பார்கள். கவலைப்படுங்கள். அந்த இன்சூரன்ஸ் வண்டிக்கும், வண்டியால் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கும். உள்ளே இருக்கும் உங்கள் சரக்குக்கு அல்ல. சரக்குக்கு டிரான்சிட் இன்சூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும்.

சாமான் மேல் குடும்பத்தோடு உட்கார்ந்து போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சரக்கு வண்டியில் பயணியாகப் போகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ மட்டும் போகலாம்; அவரும் கேபினில் இருக்க வேண்டும். பிள்ளைகளை மூட்டைமேல் ஏற்றாதீர்கள்.

இனி ரசீது. ஜி.சி. நோட், எல்.ஆர். எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். அதன் அசல், சரக்கு அனுப்புகிறவர் கையில் இருக்க வேண்டும். மூட்டை எண்ணிக்கை, எடை, வண்டி எண், தேதி எல்லாம் அதில் வரட்டும். பலரும் காலியாக விடுவது சரக்கின் மதிப்பு. அதிக மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்கான கூடுதல் கட்டணமும் கட்டவில்லை என்றால், சரக்கு தொலைந்தாலும் சேதமானாலும் நிறுவனத்தின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு முடிந்துவிடும். வாடகை 4,000 ரூபாய் என்றால் 40,000. உள்ளே ஆறு லட்ச ரூபாய்ச் சாமான் இருந்தாலும் அவ்வளவுதான். கூடுதல் கட்டணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். ரசீதில் "ஓனர்ஸ் ரிஸ்க்" என்று முத்திரை குத்தியிருந்தால் மனம் தளர வேண்டாம். அந்த முத்திரையால் மட்டும் பொறுப்பு கழியாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

சரக்கு வந்து இறங்கும்போது, உடைந்ததையும் குறைந்ததையும் டெலிவரி நகலிலேயே எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நோட்டீஸ். இங்குதான் நல்ல வழக்குகளும் சாகின்றன. புக்கிங் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கே போட முடியாது. சரக்கு காணோம் என்று தெரிந்த நாளிலிருந்து அல்ல, புக்கிங் தேதியிலிருந்து. "தேடிக்கொண்டிருக்கிறோம், அடுத்த வாரம் வாங்க" என்று ஆறு மாதத்தை ஓட்டிவிடுவார்கள். அவர்கள் தேடட்டும், நீங்கள் முதல் மாதமே ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள். ஃபோனில் பேசியது நோட்டீஸ் ஆகாது.

வீட்டுச் சாமான் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்கு ஃபீஸ் கிடையாது. வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915. வியாபாரச் சரக்கு என்றால் அங்கே வணிக நோக்கம் என்று எதிர்ப்பார்கள். வக்கீலைக் கேட்டு சிவில் நீதிமன்றத்தை யோசியுங்கள். சாமானைப் பிடித்து வைத்துப் பணம் கேட்டால் கூடுதல் பணம் போடாமல் அன்றே காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். ஒப்படைத்த சரக்கை மோசடி செய்யும் போக்குவரத்துக்காரருக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 316(3) பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பப் பார்ப்பார்கள். அந்தப் பிரிவைப் புகாரிலேயே எழுதி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.