ஒரு வீடு, இரண்டு மதிப்பீடுகள்

இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய ஒரு கமக்காரக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வளவுக்குள் படிவத்துடன் ஓர் உத்தியோகத்தர் வருகின்றார். சுவரைத் தட்டுகின்றார், கூரையை அண்ணாந்து பார்க்கின்றார், எழுதுகின்றார். முன்னர் வந்தவர் எழுதியதும் இவர் எழுதியதும் ஒன்றாக இல்லை. "அவர் பொய் எழுதினவரா, நீங்க பொய் எழுதிறீங்களா, ஐயா?" என்று வீட்டுக்காரர் கொதிக்கின்றார்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை மூதூர்க் கரையைத் தாக்கியது. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கத்து மக்களும், ஆகஸ்டில் மூதூர் நகரத்து மக்களும் போரினால் ஓடினர். கடல் புகுந்த வீட்டிலேயே பின்னர் ஷெல்லும் விழலாம். ஆளில்லாத வீட்டை மழையும் கறையானும் அரிக்கும். ஓடும் கதவும் களவு போகும். இத்தனைக்கும் பின்னர்தான் அளவெடுக்க ஆள் வருகின்றார்.

அவர் எழுதும் இலக்கம் சிறிய விடயமல்ல. ஆழிப்பேரலை வீட்டு உதவியில், சேதம் 40 வீதத்துக்கு மேல் என்றால் முழுச் சேதம். 250,000 ரூபா நான்கு தவணைகளில் கிடைத்தது. அதற்குக் குறைவென்றால் பகுதிச் சேதம். 100,000 ரூபா இரண்டு தவணைகளில். ஒருவர் 38 என்றும் மற்றவர் 42 என்றும் எழுதினால், இடையில் நிற்பது 150,000 ரூபா.

ஏன் வேறுபடுகின்றன?

முதலாவது, பார்த்த நாள். உப்பு நீர் ஊறிய கொங்கிறீற்றுத் தூண் அன்று நன்றாகவே தெரியும். உள்ளிருக்கும் கம்பி மெல்லத் துருப்பிடித்து, பருத்து, மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்தே தூணை வெடிக்கச் செய்யும். முதலில் வந்தவர் அதைக் காணவில்லை. பொய் எழுதவும் இல்லை.

இரண்டாவது, பார்த்த விதம். ஒருவர் வாசலில் நின்று பார்த்திருப்பார். மற்றவர் உள்ளே சென்று, தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் சாய்வை அளந்திருப்பார்.

மூன்றாவது, படிவம் கேட்ட கேள்வி. ஒன்று கடல் செய்த சேதத்தைக் கேட்கும். இன்னொன்று போர் செய்ததைக் கேட்கும். கேள்வி வேறானால் விடையும் வேறாகும்.

நல்ல உத்தியோகத்தர் செய்வது

அவர் முதலில் வீட்டுக்காரரைப் பேசவிடுவார். இழந்தவரின் கோபம் தன்மீதானதல்ல என்று அறிவார். பழைய அறிக்கையை வாசிப்பார். ஆனால் அதைப் பார்த்து எழுதமாட்டார். தாமே அளந்த பின்னர் இரண்டையும் ஒப்பிடுவார். முன்னவரைக் குறை கூறமாட்டார். "அப்போது இந்த வெடிப்பு இல்லை, இப்போது இருக்கிறது" என்று விரலால் தொட்டுக் காட்டுவார். காரணத்தையும் எழுதி வைப்பார். இரக்கப்பட்டு வீதத்தைக் கூட்டவும் மாட்டார், ஏச்சுக் கேட்டதற்காகக் குறைக்கவும் மாட்டார். கூட்டி எழுதியது அடுத்த பரிசோதனையில் வெளிப்பட்டால், தவணை நின்று துன்பப்படுவது குடும்பமே.

நாம் செய்ய வேண்டியவை

பழைய அறிக்கையை ஒளிக்க வேண்டாம். நமக்குப் பாதகமாக இருந்தாலும் காட்டுங்கள். மறைத்தது தெரியவந்தால் நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள்.

திருத்த வேலைக்கு முன்னர் படம் எடுங்கள். எப்போது, எதைத் திருத்தினீர்கள் என்று கொப்பியில் குறியுங்கள். கூரை எங்கே ஒழுகும், சுவர் எங்கே ஊறும் என்பது வீட்டிலுள்ள பெண்களுக்கு நன்கு தெரியும்; அவர்களும் கூட நின்று காட்டட்டும்.

கையொப்பம் இடுமுன் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "எந்த இடத்தைப் பார்த்து இப்படி எழுதினீர்கள்?" என்று அமைதியாகக் கேளுங்கள். ஏச்சுக்கு விடை வராது. இந்தக் கேள்விக்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

உடன்பாடில்லை என்றால், எந்தச் சுவர், எந்தத் தூண் என்று குறிப்பிட்டு, மறுபரிசோதனை கேட்டுப் பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள். பிரதி ஒன்றை வைத்திருங்கள். அறிக்கையின் பிரதி தரப்படாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம்.

வீடே இல்லாவிட்டால்?

2015ஆம், 2016ஆம் ஆண்டுகளில் சம்பூர்க் காணிகள் மீளக் கையளிக்கப்பட்டபோது, பல வளவுகளில் அளப்பதற்கு வீடே இருக்கவில்லை. அப்படியான இடத்தில் அத்திவாரக் கல்லும், கிணறும், காணி அனுமதிப்பத்திரமும், பழைய வாக்காளர் இடாப்பும், அயலவரின் வாய்ச்சொல்லுமே சாட்சி. அவற்றை ஒன்றுசேர்த்து வைத்திருங்கள்.

இரண்டு அறிக்கைகள் முரண்படும்போது ஒருவர் கள்ளர் என்று முடிவுகட்ட வேண்டாம். இருவரையும் அதே சுவரின் முன் கொண்டுவந்து நிறுத்துவதுபோல, இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, எந்த வரியில் பிரிகின்றன என்று பாருங்கள். அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசினால் போதும்.