சிறைக் காவலரின் மனநோய்

சிறைச்சாலை என்றதும் கைதியின் துன்பமே நம் நினைவுக்கு வருகிறது. அது நியாயமே. 1908-இல் சிறை புகுந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு, வார்டர் அன்னிய ஆட்சியின் கைத்தடியாகவே தோன்றினார். இன்று ஆட்சி நம்முடையது; வார்டரும் நம் ஊழியர். அவருடைய நலத்துக்கு நாமே உத்தரவாதிகள்.

2022-ஆம் ஆண்டுக்கான சர்க்கார் கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்கே இடமிருந்தது. அடைபட்டிருந்தவர்களோ 5,73,220 பேர். சிப்பந்திகளின் ஸ்தானங்களில் 10-க்கு ஏறக்குறைய 3 காலியாகக் கிடந்தன. 6 கைதிகளுக்கு ஒரு காவலர் வேண்டுமென்பது 2016-ஆம் ஆண்டின் மாதிரிச் சிறை விதி. ஆள் குறையுமிடத்தில் இருப்பவர் தலையிலேயே வேலை முழுவதும் விழுகிறது. இராக்காவலால் உறக்கம் கெடுகிறது. தூக்கிட்டுக்கொண்ட கைதியை முதலில் காண்பவரும் அவரே. விசாரணையில் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

இவ்வாறு மனம் சிதைந்தவர், ஏளனத்துக்கு அஞ்சி நோயை மறைக்கிறார். நோயோ வேறு வேஷம் பூண்டு வெளிவருகிறது: சொல்லாமல் வேலைக்கு வராமை, குடி, அற்பக் காரணத்துக்குக் கடுஞ்சினம். மேலதிகாரியின் கண்ணுக்குப் படுவது ஒழுங்கீனம் மாத்திரமே. வைத்தியரிடம் போக வேண்டிய விஷயம் குற்றச்சாட்டாக மாறி, வேலை நீக்கத்திலும் முடியக்கூடும்.

சட்டத்தின் நோக்கம் இதுவன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், உடற்குறையைப் போலவே மனநோயையும் கணக்கில் கொள்கிறது. ஊழியக் காலத்தில் அத்தகைய இயலாமை அடைந்த சர்க்கார் ஊழியரை நீக்கலாகாது, பதவியிறக்கலாகாது; பழைய வேலைக்கு ஏலாதவராயின் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தரவேண்டும் என்று அதன் 20-ஆவது பிரிவு விதிக்கிறது. இப்பிரிவினின்று ஓர் ஸ்தாபனத்துக்கு விலக்களிக்கும் அதிகாரமும் சர்க்காருக்கு உண்டு. சிறை விஷயத்தில் அவ்வதிகாரம் பிரயோகிக்கப்படலாகாது என்பதே நம் கட்சி. 2021 டிசம்பரில், மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், மனநலக் குறையுடையவர்மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவதும் மறைமுகமான பாரபட்சத்தின்பாற் பட்டதே என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

கைதியை அடித்தவருக்கும் இதனால் மன்னிப்பா என்று சிலர் கேட்கலாம். அன்று. கொடுமை செய்தவர் தண்டனை அடைந்தே தீரவேண்டும். ஆனால் மனம் சிதைந்தவரிடம் சாவிக்கொத்தை விட்டுவைத்து, கொடுமை நிகழ்ந்த பிறகு விழித்துக்கொள்வது நிர்வாகமாகாது.

சிறை நிர்வாகம் ராஜ்ய சர்க்கார்களின் பொறுப்பு. காலி ஸ்தானங்களை அவை நிரப்புக. வாரத்தில் ஒரு நாளேனும் மெய்யான ஓய்வு கிடைக்கட்டும். மேலதிகாரி அறியாமல் வைத்தியரைக் காண வழி செய்க. குற்றச்சாட்டு வனையுமுன் வைத்தியப் பரிசோதனை நடைபெறட்டும். தத்தம் சட்டசபை அங்கத்தினரிடம் நம் வாசகர்கள் இவற்றை வற்புறுத்துவாராக. காவலர் மனம் நலமுற்றாலன்றிக் கைதியின் வாழ்வும் சீர்படாது.