கொடிநாள் நிதி: ஓய்வூதியம் எட்டாதவர்களுக்கு ஒரு கை

ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாள் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வழங்கப்படும் சிறு கொடியின் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகிய மூன்று நிறங்களும் முறையே தரைப்படை, கடற்படை, விமானப்படையைக் குறிப்பவை. பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான குழு 1949 ஆகஸ்ட் 28 அன்று எடுத்த முடிவின்படி தொடங்கிய இந்த நாளின் வசூல் எவருக்குப் போய்ச் சேருகிறது என்பது, உண்டியலில் காசு போடுகிற பலருக்கும் தெரியாது.

படைவீரர்களுக்கு அரசே ஓய்வூதியம் தருகையில் பொதுமக்களின் நன்கொடை எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பே. அதிகாரி நிலைக்குக் கீழுள்ள வீரர் பொதுவாக 15 ஆண்டுகள் பணியாற்றினால்தான் ஓய்வூதியத்துக்கு உரியவராவார். குடும்பச் சூழலால் அதற்கு முன்பே விலகியவர் உடலில் வலுவுள்ளவரை ஏதேனும் வேலை செய்து பிழைத்துக்கொண்டாலும், முதுமையில் அவருக்கோ, அவருக்குப்பின் அவர் மனைவிக்கோ மாதந்தோறும் வருகிற பணம் என்று எதுவும் இருப்பதில்லை.

பல பெயர்களில் இயங்கிய நல நிதிகள் 1993இல் ஒன்றிணைக்கப்பட்டு உருவான படைவீரர் கொடிநாள் நிதி இத்தகையோருக்குத்தான் முதன்மையாகக் கைகொடுக்கிறது. வேறு வருமானமற்ற, 65 வயதைக் கடந்த, ஓய்வூதியம் பெறாத முன்னாள் படைவீரருக்கும் கைம்பெண்ணுக்கும் வறுமை நிவாரணமாக மாதம் 4,000 ரூபாய் வழங்கப்பட்டுவந்தது. 2025 நவம்பர் 1 முதல் அளிக்கப்படும் விண்ணப்பங்களுக்கு அது 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டு, வாழ்நாள் முழுவதற்கும் உரியதாக்கப்பட்டது. அவ்வாறே பிள்ளைகள் இருவர் வரை ஒவ்வொருவருக்கும் மாதம் 2,000 ரூபாய் கல்வி உதவியும், மகளின் திருமணத்துக்கும் கைம்பெண் மறுமணத்துக்கும் 1,00,000 ரூபாயும் தரப்படுகின்றன. இந்த உயர்வு தாமதமாக வந்தது என்றே சொல்லவேண்டும். மருந்துக்கும் வாடகைக்கும் 4,000 ரூபாய் போதாமல் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது.

விண்ணப்பம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகச் செல்லவேண்டும். படைப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டபோது தரப்பட்ட ‘டிஸ்சார்ஜ் புக்’ தொலைந்துபோனாலோ, அதில் மனைவியின் பெயர் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருந்தாலோ, உரிமையுள்ளவரும் அலையநேரிடும். ஆகவே வீரர் உயிரோடிருக்கும்போதே இந்த ஆவணங்களைச் சரிபார்த்து வைப்பது குடும்பத்துக்குப் பெரும் பாதுகாப்பாகும்.

தனிநபர்களுக்குத் தரும் உதவியோடு இந்நிதி நின்றுவிடுவதில்லை. தண்டுவடத்தில் காயமுற்றுச் சக்கர நாற்காலியில் வாழும் வீரர்களுக்கான புனே அருகிலுள்ள கட்கி, பஞ்சாபின் மொகாலி மறுவாழ்வு மையங்களுக்கும் இதிலிருந்து உதவி செல்கிறது.

மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவை உள்துறை அமைச்சகத்தின்கீழ் வருவதால் கொடிநாள் நிதியின் வரம்புக்குள் அமைவதில்லை. அப்படைகளில் உயிர்நீத்தோர் குடும்பங்களுக்கென 2017இல் தொடங்கப்பட்ட ‘பாரத் கே வீர்’ ஏற்பாட்டில், கொடையாளர் தாம் விரும்பும் வீரரின் வாரிசுடைய வங்கிக் கணக்குக்கே பணம் செலுத்தலாம். உதவி ஒரே குடும்பத்தில் குவியாமலிருக்க, ஒரு கணக்குக்கு 15 லட்சம் ரூபாய் என உச்சவரம்பும் வைக்கப்பட்டுள்ளது.