மறுப்புக் கடிதம் வந்தால் 28 நாள்

ராகலை, ஹல்கரனோயா, வலப்பனைப் பக்கத்துத் தோட்டங்களில் வெளிநாட்டுப் பேச்சு ஓய்வதேயில்லை. நாட்சம்பளத்தில் கடன் அடையாது என்று கண்ட பிள்ளைகள் நகையை அடகு வைத்து ஏஜென்டிடம் கொடுக்கிறார்கள். “போய் அகதி என்று சொன்னால் போதும், மறுத்தாலும் அப்பீல் போடலாம்” என்கிறார் அவர். அப்பீல் இருப்பது உண்மை. மற்றது வியாபாரம்.

படகில் போகிறவருக்கு அந்த அப்பீலும் இல்லை. 2013 செப்டெம்பரிலிருந்து அவுஸ்திரேலியா படகுகளைக் கடலிலேயே திருப்புகிறது. திரும்பி வந்தவர்மீது இங்கே 1948ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின்கீழ் வழக்கு விழும். ‘நீர்கொழும்புச் சிறையில் அடைப்பார்கள், அங்கே நிலைமை மோசம்’ என்று இலங்கையர் இருவர் வாதிட்டுப் பார்த்தார்கள். சிறை மோசமாக இருப்பதாலேயே அரசு வேண்டுமென்று துன்புறுத்துகிறது என்றாகாது என 2017இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

அவுஸ்திரேலியாவுக்கு விசாவோடு போய், அகதியாகப் பாதுகாப்பு விசா கேட்டு மறுக்கப்பட்டவர் நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2024 ஒக்டோபர் 14இல் பழைய மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தைக் கலைத்து அமைக்கப்பட்டது இது. 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தடுப்பு முகாமில் இருப்பவருக்குக் காலம் இன்னும் குறைவு. தவணை நீட்டித் தரமாட்டார்கள். கடிதத்தை நீங்கள் திறந்து பார்த்தீர்களா என்பதும் கணக்கில்லை. பதிவிலுள்ள மின்னஞ்சலுக்கு அனுப்பியதுமே நாள் ஓடத் தொடங்கும். மின்னஞ்சலை ஏஜென்டின் கையில் விட்டவர்கள் தோற்பது இங்கேதான். விண்ணப்பிக்கும்போது கட்டணம் இல்லை, தோற்றால் உண்டு.

தீர்ப்பாயம் முழு விடயத்தையும் புதிதாகப் பார்க்கும். நேரில் விசாரிக்கும், தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். உங்களுக்குப் பாதகமான தகவல் இருந்தால் அதைச் சொல்லிப் பதில் கேட்க வேண்டியது அதன் கடமை. ஆனால் முதல் முடிவு வருமுன் சொல்லாததைத் தகுந்த காரணமின்றிப் பிறகு சொன்னால், அதை நம்பத் தயங்கும்படி சட்டமே சொல்கிறது.

லயத்துக் கூரை ஒழுகுவதும் சம்பளம் போதாததும் அநீதிதான். 1951 அகதிகள் உடன்படிக்கை கேட்பதோ வேறு: இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவீர்களா? இதைத் தெரிந்துதான் ஏஜென்ட் வடக்கில் நடந்த கதையொன்றை மனப்பாடம் செய்யச் சொல்கிறார். ராகலையில் பிறந்த பிள்ளை கிளிநொச்சிக் கதையைச் சொன்னால் மூன்றாவது கேள்வியிலேயே பிடிபடும். பிறகு அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே நேர்ந்த கைதையோ மிரட்டலையோ யாரும் நம்பமாட்டார்கள். அப்படி நேர்ந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாடு, நீதிமன்றப் பதிவு ஆகியவற்றை வீட்டார் இங்கிருந்தே எடுத்து அனுப்பலாம்.

தீர்ப்பாயத்திலும் தோற்றால் 35 நாளுக்குள் நீதிமன்றம். அங்கே சட்டப் பிழையை மட்டுமே பார்ப்பார்கள். கடைசியாக அமைச்சரின் தற்றுணிபு. குவீன்ஸ்லாந்தின் பிலோயிலா ஊரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துக்கு 2022 ஓகஸ்டில் நிரந்தர விசா அப்படித்தான் கிடைத்தது. அதற்கு ஊரே நான்கு ஆண்டு போராடியது. அதை வழக்கமென்று நம்பி யாரும் கடன் வாங்கக்கூடாது.

நாட்டுக்கு நாடு அப்பீல் தவணை மாறும்: பிரித்தானியாவில் 14 நாள், கனடாவில் 15, பிரான்சில் ஒரு மாதம். வேலைக்கென்று அழைக்கும் ஏஜென்சிக்கு உரிமம் உண்டா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்கலாம். ஏற்கெனவே போன பிள்ளைக்கு மறுப்பு வந்திருந்தால், கடிதத்தின் திகதியை இன்றே கேளுங்கள். அந்த நாட்டில் பதிவுபெற்ற சட்டத்தரணியிடம் நாளையே போகச் சொல்லுங்கள்.