இரவு தங்குவது எங்கே? கடலூரா, சிதம்பரமா?

"என்னங்க, இங்கேயும் ரூம் இல்லையாம்!"

மார்கழித் தேருக்கு முதல் நாள் இரவு, சிதம்பரம் வீதிகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

கணவன் கையில் பெட்டி. மனைவியின் தோளில் தூங்கும் குழந்தை. பின்னால் வந்த பாட்டி, முழங்காலைப் பிடித்துக் கொண்டு ஒரு கடையின் வாசற்படியில் உட்கார்ந்து விட்டார்.

"பேசாமல் கடலூருக்குப் போய்விடலாமா?" என்கிறான் மகன்.

"அங்கே போய்ப் படுத்தால், விடியற்காலை அபிஷேகத்தை எப்படிடா பார்க்கிறது?" என்கிறார் பாட்டி.

பாட்டி கேட்பது சரியான கேள்வி. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுமார் 45 கிலோ மீட்டர். பஸ்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகலில் இது பெரிய தூரம் அல்ல. நள்ளிரவில், தூங்கும் குழந்தையோடும் முழங்கால் வலியோடும் போகும்போது இது மிகப் பெரிய தூரம்!

எங்கே தங்குவது என்பதை ஊருக்கு வந்த பிறகு முடிவு செய்யக்கூடாது. வீட்டில் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

மூன்று ஊர் சேர்ந்த ஊர்

முதலில் கடலூர். "கடலூரில் ரூம் போட்டாயிற்று" என்று சொன்னால் மட்டும் போதாது. கடலூரில் எங்கே என்று கேட்க வேண்டும்.

ஏனென்றால், கடலூர் என்பது பல ஊர்கள் சேர்ந்த ஊர். கெடிலம் ஆற்றுக்கு வடக்கே மஞ்சக்குப்பம். ஆற்றைத் தாண்டினால் திருப்பாதிரிப்புலியூர். இன்னும் தெற்கே போனால் பழைய டவுன் எனப்படும் முதுநகர்.

கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு வேலையாக வருகிறவர்களுக்கு மஞ்சக்குப்பம் வசதி. தேவனாம்பட்டினம் கடற்கரையும் அங்கிருந்து பக்கம். அதைத்தான் 'சில்வர் பீச்' என்கிறார்கள்.

பஸ் நிலையமும், பாடலீசுவரர் கோவிலும், ஒரு ரெயில் நிலையமும் இருப்பது திருப்பாதிரிப்புலியூரில். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர், கல்லே தெப்பமாக மிதந்து வந்து கரையேறிய ஊர் இது என்று பெரியபுராணம் சொல்கிறது. அதிகாலை பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இங்கே தங்குவதுதான் நல்லது.

முதுநகரில் துறைமுகமும், மீன் பிடிக்கும் படகுகளும், இன்னொரு ரெயில் நிலையமும் இருக்கின்றன. அதன் பெயர் கடலூர் துறைமுகம் சந்திப்பு. 'கடலூர்' என்ற பெயரைப் பார்த்து அங்கே இறங்கிவிட்டு, மஞ்சக்குப்பத்து லாட்ஜைத் தேடினால், ஆட்டோவுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதுதான்!

பீரங்கி அளந்த நிலம்

கடலூர் ஒரு காலத்தில் தலைநகரமாக இருந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

1690-ம் ஆண்டு. தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராட்டியரிடம் இருந்து வெள்ளைக்காரக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? கோட்டையில் இருந்து பீரங்கி வெடித்தால், குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு நிலம்!

விடுவார்களா? பெரிய பீரங்கியாகப் பார்த்துக் கொண்டு வந்து வைத்துச் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள் எல்லாம் அவர்களுக்குச் சொந்தமாயின. கடலூருக்குப் பக்கத்தில் 'குண்டு உப்பலவாடி' என்ற ஊர் இன்றும் இருக்கிறது. அந்தப் பெயருக்கு இதுதான் காரணம் என்று சொல்கிறார்கள்.

அந்தக் கோட்டைக்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். உடனே இங்கிலீஷ்காரர்களின் தலைமை இடம் சென்னையில் இருந்து இங்கே வந்துவிட்டது. 1752 வரை, ஆறு ஆண்டுகள், சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகரம் இதுதான். சென்னையில் இருந்து மாறுவேடத்தில் தப்பி ஓடிவந்த ராபர்ட் கிளைவ் தஞ்சம் புகுந்ததும் இங்கேதான். 1756-ல் அதே கோட்டைக்கு அவர் கவர்னராக வந்தார்.

1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இன்று மிஞ்சி இருப்பது கொஞ்சம்தான். அதைப் பார்ப்பதற்காக மட்டும் ஓர் இரவு தங்க வேண்டியதில்லை. மாலையில் கடற்கரைக்குப் போகும்போது பார்த்துவிட்டு வரலாம்.

பாரதியார் தங்கிய இடம்

கடலூரில் தங்கியவர்களில், தங்குமிடத்தைத் தேடாமலே 'இடம்' கிடைத்தவர் ஒருவர் உண்டு.

அவர்தான் மகாகவி பாரதியார்!

1908 முதல் பத்து ஆண்டுகள் அவர் புதுச்சேரியில் இருந்தார். அது பிரெஞ்சுக்காரர்களின் ஊர். வெள்ளைக்காரப் போலீஸ் அங்கே நுழைய முடியாது. 1918-ம் ஆண்டு நவம்பர் 20-ந்தேதி பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லையைத் தாண்டியதும் போலீசார் கைது செய்து, கடலூர் சிறையில் அடைத்தார்கள். டிசம்பர் 14-ந்தேதிதான் விடுதலை ஆனார்.

அன்று போலீஸ் காவலில் இருந்த அந்த எல்லையை, இன்று டவுன் பஸ் போல அடிக்கடி பஸ்கள் தாண்டுகின்றன. புதுச்சேரி இருபது கிலோ மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம்தான். புதுச்சேரியையும் பார்க்க வேண்டும், கடற்கரையும் வேண்டும், சிதம்பரத்துக்கும் ஒரு நடை போய் வரவேண்டும் என்கிறவர்களுக்குக் கடலூர் நடுவாந்திரமான இடம். கோவில்தான் முக்கியம் என்பவர்களுக்கு அப்படி அல்ல.

'கோவில் அருகில்' என்றால்?

இப்போது எல்லோருடைய கையிலும் செல்போன். படத்தைப் பார்த்துப் பணம் கட்டி, அறையைப் பிடித்துவிடுகிறார்கள். சிதம்பரத்தில் பல விடுதிகளின் விளம்பரத்தில் 'கோவில் அருகில்' என்றுதான் இருக்கும். அது பொய் அல்ல. ஆனால், கோவிலின் எந்தப் பக்கத்துக்கு அருகில்?

சிதம்பரம் கோவில் மிகப் பெரியது. நான்கு திசையிலும் நான்கு கோபுரங்கள். அதைச் சுற்றிக் கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி என்று நான்கு தேர் வீதிகள். மேலவீதியில் அறை எடுத்துவிட்டுக் கீழக் கோபுரத்தில் செருப்பை விட்டால், செருப்பை எடுக்கவே கோவிலைச் சுற்றி வரவேண்டும்!

அறை எடுக்கும்போது, "எந்த வீதி?" என்று கேளுங்கள். அடுத்து, "மாடியா? லிப்ட் இருக்கிறதா?" என்று கேளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், உட்காரும் வசதி உள்ள கக்கூஸ் இருக்கிறதா என்றும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். மார்கழிக் குளிரில் வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

இன்னொன்று. சில விடுதிகளில் நீங்கள் நுழைந்த நேரத்தில் இருந்து 24 மணி நேரம் கணக்கு. வேறு சில இடங்களில் பகல் 12 மணிக்கு நாள் முடிந்துவிடும். இரவு 11 மணி ரெயிலில் வந்து இறங்கியவர், மறுநாள் பகல் 12 மணிக்கே இன்னொரு நாள் வாடகை கேட்கிறார்களே என்று சண்டை போடுவதில் பயன் இல்லை. பெட்டியை உள்ளே வைக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

கோவில் நடை பகலில் சாத்தப்பட்டு, மாலையில்தான் திறக்கும். இரவு அர்த்தசாம பூசை முடியப் பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். அந்தப் பூசையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுக்க வேண்டும் என்றால், சிதம்பரத்தில்தான் தங்க வேண்டும். காலையில் பிச்சாவரம் படகுக்கும் இதுவே வசதி. சிதம்பரத்தில் இருந்து சுமார் 15 கிலோ மீட்டர்தான். எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' (1975) படத்தில் வரும் அலையாத்திக் காடு அது. வெயில் ஏறுவதற்குள் போய் வந்துவிட்டால், பகலில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும் சாப்பிட்டுவிட்டு, நடை திறக்கும் வரை அறையில் கால் நீட்டிப் படுக்கலாம்.

நடராசரும் இடம் மாறுகிறார்

ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்திரா தரிசனம். இந்த இரண்டு விழாக்களின்போதுதான் அறைக்குப் பஞ்சம்.

மற்றக் கோவில்களில் உற்சவமூர்த்திதான் வெளியே வருவார். சிதம்பரத்தில் மூலவரான நடராசரே தேர் ஏறுகிறார். விநாயகர், முருகன், நடராசர், சிவகாமி அம்மன், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள் வீதிகளில் வரும். தேர் நிலைக்கு வந்ததும், நடராசரும் அம்மனும் நேராகச் சந்நிதிக்குத் திரும்புவது இல்லை. அன்று இரவு ஆயிரங்கால் மண்டபத்தில் தங்குகிறார்கள்! விடியற்காலையில் அங்கேதான் மகா அபிஷேகம். பிற்பகலில் தரிசனம் முடிந்த பிறகுதான் சிற்சபைக்குத் திரும்புவார்கள்.

இதைப் பார்க்க வருகிறவர்கள் தேர் வீதியில் அறை எடுத்தால் ஒரு லாபம் உண்டு, ஒரு கஷ்டமும் உண்டு. லாபம், பாட்டி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தபடியே ஐந்து தேரையும் பார்த்துவிடலாம். கஷ்டம், தேர் அன்று வீதிக்குள் ஆட்டோ வராது. பெட்டியைத் தலையில் வைத்துக் கொண்டு கூட்டத்துக்குள் நடக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா நடந்தாலும் இதே கதைதான். 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ரெயில் பாதைக்குக் கிழக்கே இருக்கிறது. பிள்ளையின் படிப்பு விஷயமாக வருகிறவர்களுக்குத் தேர் வீதி தேவை இல்லை. ரெயில் நிலையத்தின் பக்கம் தங்குவது மேல்.

ஊருக்குள் வராத பக்தர்

இன்று பணமும், ஆதார் அட்டையும் இருந்தால் யாருக்கும் அறை உண்டு. எப்போதும் அப்படி இருந்தது இல்லை.

"நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று ஏங்கிய நந்தனார், சிதம்பரத்தின் எல்லைக்கு வந்தும் ஊருக்குள் நுழையவில்லை. இரவும் பகலும் ஊரை வெளியில் இருந்தே வலம் வந்தார் என்கிறது பெரியபுராணம். ஊருக்கு வெளியேதான் அசந்து தூங்கினார். பிறகு அவர் தீயில் இறங்கிய இடம் ஓமக்குளம் என்பார்கள்.

அந்த ஓமக்குளத்துப் பக்கத்தில்தான் சுவாமி சகஜானந்தர் நந்தனார் மடத்தை வளர்த்தார். 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். பின்னாளில் சட்டசபையில் உறுப்பினராக இருந்து அவர்களுக்காகப் பேசினார். 1959-ல் காலமானார்.

1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. ஓட்டல், விடுதி மட்டும் அல்ல, பொதுவான தர்மசத்திரத்திலும் தீண்டாமையைக் காரணம் காட்டி ஒருவரைத் தடுத்தால் குற்றம் என்று அந்தச் சட்டம் சொன்னது. 1976-ல் அதைத் திருத்திப் பெயரையும் மாற்றினார்கள். சட்டம் இன்றும் இருக்கிறது. பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, "இடம் இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர்.

பழைய சத்திரங்கள் சில சிதம்பரத்தில் இன்னும் இருக்கின்றன. நகரத்தார் கட்டியவையும் உண்டு. வாடகை குறைவு. ஆனால் சிலவற்றுக்கு முன்கூட்டியே கடிதம் வேண்டும். கட்டில், மெத்தை இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. ஒரு ஜமக்காளம் எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.

மழை வந்தால்?

மார்கழிப் பயணத்தில் இன்னொரு கவலை புயல். 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2015-ல் கடலூர் மாவட்டத்தில் பெரு வெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், 'பெஞ்சல்' புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரில் வீடுகளுக்குள் புகுந்தது. கடற்கரை ஓரம் அறை வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தாலும், ஐப்பசி முதல் மார்கழி வரை வானிலைச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கட்ட வேண்டும்.

வாசற்படியில் உட்கார்ந்த பாட்டி என்ன ஆனார்?

அப்படிப்பட்ட குடும்பங்கள் கடைசியில் கடலூருக்கே பஸ் ஏறுகின்றன. விழாக் காலத்தில் இரவிலும் பஸ்கள் ஓடுகின்றன. திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தின் பக்கத்தில் எப்படியும் ஓர் அறை தேடிப் பிடிக்கிறார்கள். தேரைப் பார்க்க மறுநாள் காலையில் மீண்டும் பஸ்.

அபிஷேகத்துக்கு? தேர் அன்று இரவு பாட்டியும் மகனும் மட்டும் சிதம்பரத்திலேயே தங்கிவிடுகிறார்கள். அன்று கோவிலுக்குள் ஜமக்காளத்தை விரித்து விடியும் வரை காத்திருக்கும் கூட்டம் பெரிய கூட்டம். மருமகளும் குழந்தையும் கடலூர் அறையில் தூங்குகிறார்கள்.

அடுத்த ஆண்டு கார்த்திகை பிறந்ததும் பாட்டி மகனைக் கூப்பிடுகிறார்.

"ஏண்டா, அந்தக் கீழவீதிக்காரனுக்குப் போன் பண்ணிட்டியா?"