வெண்ணெயைக் குறைத்தால் மாரடைப்பு ஏன் குறைகிறது?

ரொட்டியில் தடவிய வெண்ணெய் வயிற்றுக்குத்தானே போகிறது, இதயத்துக்கு என்ன வந்தது என்பீர்கள். நடுவில் கல்லீரல் இருக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளிழுப்பது அதன் வேலை. வெண்ணெய் போன்ற நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் அந்தப் பிடிப்பு தளரும். குப்பை வண்டி வராத தெருபோல ரத்தத்தில் கொலஸ்ட்ரால் தேங்கும். தேங்கியது தமனிச் சுவருக்குள் புகுந்து படியும். அந்தப் படிவு வெடித்தால், அதன்மேல் ரத்தம் உறைந்து வழியை அடைக்கும். இதயத் தமனியில் இப்படி அடைபடுவதே மாரடைப்பு.

பின்லாந்தின் வடக்கு கரேலியாவில் வெண்ணெயும் கொழுப்புப் பாலும்தான் சாப்பாட்டை ஆண்டன. 1972-இல் பெக்கா புஸ்கா தலைமையில் தொடங்கிய திட்டம் மக்களைத் தாவர எண்ணெய்க்குத் திருப்பியது. சுமார் 40 ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய் மரணம் 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. புகைப்பதும் குறைந்ததே, மருந்தும் வந்ததே என்றால், நியாயமான கேள்விதான். ஆனால் ஆய்வாளர்கள் கணக்கிட்டதில் கொலஸ்ட்ரால் இறங்கியதன் பங்கே பெரிது. அதை இறக்கியதும் பெரும்பாலும் சாப்பாடுதான், மாத்திரை அல்ல.