தரவுப் போதுமை வினாக்கள்

தரவுப் போதுமை வினா என்பது, ஒரு கணக்கின் விடையைக் கேட்காமல், அவ்விடையைக் காணத் தரப்பட்ட தகவல்கள் போதுமானவையா எனக் கேட்கும் வினா வகையாகும். மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் இவை இடம்பெறுகின்றன. 2023இல் அறிமுகமான அத்தேர்வின் புதிய வடிவில் இவை கணிதப் பகுதியிலிருந்து வேறொரு பகுதிக்கு மாற்றப்பட்டன.

அமைப்பு

வினாவைத் தொடர்ந்து இரண்டு கூற்றுகள் தரப்படும். விடை பின்வரும் ஐந்தில் ஒன்றாக அமையும்:
* கூற்று 1 மட்டும் போதும்; கூற்று 2 மட்டும் போதாது.
* கூற்று 2 மட்டும் போதும். கூற்று 1 மட்டும் போதாது.
* இரண்டும் சேர்ந்தால் போதும், தனித்தனியே போதா.
* ஒவ்வொன்றும் தனித்தே போதும்.
* இரண்டும் சேர்ந்தாலும் போதா.

மதிப்பைக் கேட்கும் வினாவில் ஒரே ஒரு மதிப்பு கிடைத்தால் மட்டுமே தரவு போதுமானது. ஆம் அல்லது இல்லை எனக் கேட்கும் வினாவில், உறுதியான "இல்லை" என்பதும் போதுமான விடையே ஆகும்.

எடுத்துக்காட்டு 1

க ஒரு மெய்யெண் எனில், க யாது?
(1) க² = 9
(2) க³ = -27

கூற்று 1இன்படி க = 3 அல்லது -3; எனவே போதாது. ஒவ்வொரு மெய்யெண்ணுக்கும் ஒரே ஒரு மெய்க் கனமூலமே உண்டு. ஆதலால் கூற்று 2இன்படி க = -3; இது மட்டும் போதும்.

எடுத்துக்காட்டு 2

க ஒரு மெய்யெண் எனில், க > க² ஆகுமா?
(1) க > 0
(2) க < 1

கூற்று 1இல் க = 1/2 எனில் ஆம், க = 2 எனில் இல்லை. கூற்று 2இல் க = 1/2 எனில் ஆம், க = -1 எனில் இல்லை. எனவே எதுவும் தனித்துப் போதாது. இரண்டையும் சேர்த்தால் 0 < க < 1. க மிகை எண் என்பதால், க < 1 என்பதன் இருபுறமும் க-ஆல் பெருக்க, க² < க எனக் கிடைக்கும். எனவே சேர்ந்தால் போதும்.

பொதுவான பிழைகள்

* மெய்யெண்ணை முழு எண்ணாகக் கொள்ளுதல். 3 < க < 5 என்பது முழு எண்களில் 4ஐ மட்டும் தரும். மெய்யெண்களில் முடிவற்ற மதிப்புகளைத் தரும்.
* இரு மாறிகளுக்கு இரு சமன்பாடுகள் கட்டாயம் தேவை எனக் கருதுதல். மெய்யெண்களில் க² + ப² = 0 என்ற ஒரே சமன்பாடு க = 0, ப = 0 எனத் தீர்மானித்துவிடும். மாறாக, க + ப = 4, 2க + 2ப = 8 என்னும் இரண்டும் ஒரே செய்தியையே கூறுகின்றன.
* கூற்று 1இன் தகவலை நினைவில் கொண்டே கூற்று 2ஐத் தனியே ஆராய்தல்.
* சில எண்களைப் பதிலிட்டதும் போதும் என முடிவு செய்தல். போதாமையை நிறுவ, மாறுபட்ட விடைகள் தரும் இரண்டு எண்கள் போதும். போதுமையை நிறுவ, அனைத்து மதிப்புகளுக்கும் பொருந்தும் காரணம் தேவை.